சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், கதவைத் திறந்தவர் வேறொருவர்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. மலேசியாவில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் ஆறு வருடமாக வெளிக்காட்டு மேற்பார்வையாளராக, அதாவது மரங்கள் நிற்கும் பகுதியில் வேலையைக் கவனிப்பவராக, இருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் உதவி நிர்வாகி ஆகிவிட்டார். அவருக்கு மேலிடத்தில் ஒரு பெரியவர் துணை இருந்தது, உங்களுக்கு அப்படி யாரும் இல்லை. வழிகாட்டி இல்லாத ஒருத்தி தலைமைப் பொறுப்புக்கு வர முடியுமா, அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது, இல்லை எல்லாமே அதிர்ஷ்டம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஆறு வருடம் வெயிலிலும் மழையிலும் நடந்ததற்கு மதிப்பு உண்டா, அல்லது யாரைத் தெரியும் என்பதுதான் கணக்கா?

நான் பேசுவது எந்த இடத்திலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார், அம்மா புல்வெட்டுக்குப் போனார். 1976ல் இளநிலைக் கிராணியாக (ஆபீஸ் எழுத்தராக) சேர்ந்து, பிறகு உதவி நிர்வாகி, கடைசியில் நிர்வாகி என்று மூன்று தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கடைசிப் பதினைந்து வருடம் புதிதாக வரும் பயிற்சி அதிகாரிகளைப் பழக்குவதும் என் பொறுப்பாக இருந்தது. அதற்காகவே இந்த விஷயத்தில் நடந்த ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். தோட்டத்தில் கண்டதையும் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடம் வரும்போது சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் செய்கிற ஒரு தவறு உங்கள் கேள்விக்குள்ளும் இருக்கிறது. வேலையைச் சொல்லிக்கொடுத்து ஆளாக்குகிறவரும், மேலே போகக் கதவைத் திறந்துவிடுகிறவரும் ஒரே ஆளாக இருப்பார் என்று எதிர்பார்க்கிறோம். என் அனுபவத்தில் அப்படி அமைந்தது அபூர்வம். இரண்டையும் ஒருவரிடமே தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டும் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் சேர்ந்த தோட்டத்தின் பெரிய கிராணி. செக்ரோல் என்ற வருகை, சம்பளப் புத்தகம் எழுதவும், பால் கணக்குச் சரிபார்க்கவும், துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, கடிதம் தட்டச்சு செய்யவும் அவர்தான் பழக்கினார். சேர்ந்த ஐந்தாம் மாதம் ஒரு மரம்வெட்டும் அம்மாவின் இரண்டு நாள் பாலைப் பக்கத்து எண்காரருக்கு எழுதிவிட்டேன். சம்பள நாளன்று அந்த அம்மாவுக்குப் பணம் குறைந்தது. அவர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்க, நான் ‘அடுத்த மாதம் சரிசெய்து போடுகிறோம்’ என்றேன். அன்று சாயங்காலம் பெரிய கிராணி என்னை அழைத்துக்கொண்டு நேரே லயத்துக்கு நடந்தார். அந்த அம்மா வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, அவர் பிள்ளைகளுக்கு முன்னால், ‘தப்பு என்னுடையது’ என்று சொல்ல வைத்தார். குறைந்த பணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: ‘அந்தப் புத்தகத்தில் நீ எழுதுகிறது எண் இல்லை, ஒரு வீட்டு அரிசி.’ அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசல் எனக்கு ஞாபகம் வந்தது. நிர்வாகி என்றால் என்ன என்று நான் கற்றது அங்கேதான். ஆனால் அந்தப் பெரியவரால் எனக்குப் பதவி உயர்வு எதுவும் வாங்கித் தர முடியவில்லை. அவரே கிராணியாகச் சேர்ந்து கிராணியாகவே ஓய்வு பெற்றவர். துரைமார் கிளப்பில் அவருக்கு நாற்காலி கிடையாது.

கதவைத் திறந்தவர் வேறு ஆள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தோட்டத்தைப் பார்வையிட வரும் விசிட்டிங் ஏஜென்ட். ஒரு முறை குறிப்பிட்ட ஒரு வெளிக்காட்டில் பால் ஏன் இவ்வளவு குறைந்தது என்று கேட்டார். மழை என்றார் நிர்வாகி. ‘மழைப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்’ என்றார் அவர். கொண்டுபோனது நான். மழை அளவுக்குப் பக்கத்தில், எத்தனை நாள் வெட்டு நின்றது, எத்தனை நாள் தாமதமாக வெட்டினார்கள் என்று பென்சிலால் நான் ஒரு வரிசை எழுதி வைத்திருந்தேன். யாரும் கேட்டு எழுதியதல்ல. ‘கேட்கப் போகிற கேள்விக்கு முன்னாடியே பதில் எழுதி வை’ என்று பெரிய கிராணி நச்சரித்த பழக்கம். விசிட்டிங் ஏஜென்ட் அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், யார் எழுதியது என்று கேட்டார், பெயரைக் குறித்துக்கொண்டார், போய்விட்டார். மொத்தம் பத்து நிமிடம். பின்னால் கம்பெனி, உள்ளூர்க் கிராணிமாரில் சிலரை உதவி நிர்வாகியாக எடுக்கலாமா என்று யோசித்தபோது என் பெயரைச் சொன்னவர் அவர்தான். அது எனக்குத் தெரியவந்ததோ எட்டு வருடம் கழித்து, அதுவும் வேறொருவர் வாயால். நன்றி சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை. அந்த மனிதர் அதற்குள் நாட்டை விட்டே போயிருந்தார்.

இதில் எது அதிர்ஷ்டம், எது உழைப்பு? அவர் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டது அதிர்ஷ்டம். புத்தகத்தில் பென்சில் வரிசை இருந்தது அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே மாதிரி பென்சில் வரிசை எழுதி வைத்து, யாரும் கேட்காமலே போன கிராணிமார் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். மேலே வந்தவர்கள்தான் பிறகு மேடையில் நின்று கதை சொல்கிறார்கள். வராதவர்களின் கதையை யாரும் கேட்பதில்லை. ஆகவே என் கதையையும் சேர்த்து, பெரிய மனிதர்கள் சொல்லும் ‘என் குருநாதர்’ கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேளுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், சமீபத்தில் வேலை மாறியவர்களிடம் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: தகவல் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஆள் மூலமாக வேலை கிடைத்தவர்களில் நூற்றுக்கு 16.7 பேர்தான் அடிக்கடி பார்ப்பவர் மூலம் என்றார்கள். 55.6 பேருக்கு எப்போதாவது பார்க்கிறவர், 27.8 பேருக்கு வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர். நெருங்கிய நண்பனைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்தான் கூடுதலாக உதவியிருக்கிறார். காரணத்தையும் அவர் விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தி வெளி வட்டத்திலிருந்துதான் வரும்.

இதைப் படித்தபோது லயத்து வாழ்க்கை அப்படியே கண் முன்னால் வந்தது. அறுபது குடும்பம். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அறுபது வீட்டுக்கும் தெரியும். கல்யாணம், சாவு, கடன், சண்டை எல்லாவற்றுக்கும் ஓடி வருவார்கள். அந்தப் பாசத்துக்கு ஈடு இல்லை. ஆனால் வெளியே எங்கே வேலை காலி, எந்தப் பரீட்சைக்கு எப்போது மனு அனுப்ப வேண்டும் என்று அறுபது வீட்டில் ஒரு வீட்டுக்கும் தெரியாது. வெளி உலகத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: மருந்துக்கொட்டகை டிரசர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், பால் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர், தவணையில் துணி விற்கிறவர். எனக்குக் கிராணி வேலை காலியாக இருப்பதைச் சொன்னவர் ஒரு லோரி ஓட்டுநர். அவருக்கு என் அப்பா பெயர்கூடத் தெரியாது. ‘நீ ஃபார்ம் ஃபைவ் முடிச்ச பையன்தானே? அந்தத் தோட்டத்து ஆபீசில் ஆள் கேட்கிறாங்க’ என்று வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அமெரிக்க ஆய்வுக்கு எல்லை உண்டு. கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்கள், படித்த உத்தியோகக்காரர்கள், ஒரே ஊர், மேலே சொன்ன விழுக்காடுகள் சில டஜன் பேரிடம் நேரில் கேட்டதிலிருந்து வந்தவை. ஆனால் 2022ல் லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை ஐந்து வருடம் வைத்து நடத்திய பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வெளியானது. அதுவும் அரைகுறைப் பழக்கம் வேலை மாற உதவுகிறது என்றுதான் காட்டியது. கூடவே இரண்டு திருத்தமும் சொன்னது. முன்பின் தெரியாத அளவுக்குத் தூரமான பழக்கம் அவ்வளவாக உதவவில்லை. நடுத்தரமான பழக்கம்தான் நன்றாக உதவியது. இன்னொன்று, கணினி சார்ந்த தொழில்களில்தான் இந்த விதி வலுவாக இருந்தது. அப்படி இல்லாத தொழில்களில் நெருங்கிய உறவுகளே அதிகம் உதவின. தோட்டத் தொழில் எந்தப் பக்கம் விழும்? இரண்டும் கலந்தது என்பது என் கணிப்பு. வெளிக்காட்டு வேலைக்கு ஆள் எடுப்பது இன்னும் சொந்தபந்தம் வழியாகத்தான் நடக்கிறது. அதிகாரிப் பதவியோ வெளியார் சொல்லும் ஒரு வார்த்தையால் நகர்கிறது. இதை நிரூபிக்க என்னிடம் எண்கள் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

வழிகாட்டிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. 1980களில் கேத்தி கிராம் என்ற ஆய்வாளர் ஒரே நிறுவனத்தில் 18 ஜோடி மூத்தவர், இளையவர்களை ஆராய்ந்து, வழிகாட்டுதலில் இரண்டு வகை வேலை இருக்கிறது என்று பிரித்தார். ஒன்று தொழில் சார்ந்தது: பெயரைப் பரிந்துரைப்பது, கண்ணில் படுகிற வேலையைக் கொடுப்பது, தவறு நடந்தால் காப்பது. மற்றொன்று மனம் சார்ந்தது: முன்மாதிரியாக இருப்பது, கேட்பது, தைரியம் கொடுப்பது. என் விசிட்டிங் ஏஜென்ட் முதல் வகை, பெரிய கிராணி இரண்டாவது. அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழிகாட்டி உள்ளவர்களுக்கு வேலையில் மனநிறைவு கூடுதல் என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. சம்பளத்திலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்திலும் சந்தேகம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் பெரியவர்கள் தேடிப் பிடித்துக் கைதூக்குகிறார்கள். அப்படியானால் பிள்ளை உயர்ந்தது கைதூக்கியதாலா, கெட்டிக்காரத்தனத்தாலா? அதைப் பிரித்துச் சொல்வது கடினம். கம்பெனி ஒரு பட்டியல் போட்டு ‘இவருக்கு இவர் வழிகாட்டி’ என்று ஒதுக்குவது, தானாக அமைந்த உறவு அளவுக்குப் பலன் தருவதில்லை என்பதையும் பல ஆய்வுகள் சொல்கின்றன. நானே அப்படி ஒதுக்கப்பட்ட வழிகாட்டியாக இருந்திருக்கிறேன், அது சரியென்றே சொல்வேன். ஆகையால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: வர முடியும். வழிகாட்டி ஒரு உதவி, நுழைவுச் சீட்டு இல்லை.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். துன் வீ. தி. சம்பந்தன் 1919ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1955ல் இந்தியர் கட்சியான மஇகாவின் தலைவரானார். பெரிய தோட்டங்களை முதலாளிகள் துண்டு போட்டு விற்று, தொழிலாளிகள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாங்கினார்கள். அவரை ஏழ்மையிலிருந்து வந்தவர் போலச் சிலர் மேடையில் பேசுவதுண்டு. அது சரியில்லை. அவர் தகப்பனார் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர், இவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவர். பிறப்பே அவருக்குப் பல கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. அதை மறைத்துக் கதை சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்கு அநியாயம் செய்கிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று வந்தபோது, பேராளர், கிளைக்குழு, ஆண்டுக்கூட்டம் என்று நாற்காலிகள் முளைத்தன. லயத்தை விட்டு நகராதவர், வேறு மாநிலத்துத் தோட்டக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நிலை வந்தது. பேசத் தெரியாதவர் பேசப் பழகினார். வெளியார் கண்ணில் படும் இடம் ஒன்று கிடைத்தது.

முகம் பார்க்காமலே ஒருவர் வழிகாட்ட முடியும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கினார். தோட்டத்துப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள், அச்சில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள். பின்னாளில் எழுத்தாளர்களாகவும் இளைஞர் இயக்கத் தலைவர்களாகவும் வந்தவர்களில் பலர் அங்கே தொடங்கியவர்கள். ஆசிரியரை ஒரு முறைகூட நேரில் பார்க்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தற்செயல் சில நேரம் வேலையை இல்லை, ஆளையே மாற்றிவிடும். ஜானகி ஆதி நாகப்பன் 1943ல் கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்கப் போன இளம்பெண். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார், நேதாஜியின் ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். 1946ல் மஇகாவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒரு நாள் கூட்டம் அது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எத்தனையோ பேர் போயிருந்தார்கள், எல்லாரும் படைக்குப் போகவில்லை.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பாதிதான். கைகொடுக்கிறவர் தன் நோக்கத்தோடுதான் கைகொடுக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேய அரசு, பிரிட்டனில் ரயில்வே தொழிற்சங்கத்தில் இருந்த ஜான் பிரேசியரைத் தொழிற்சங்க ஆலோசகராக இங்கே கொண்டுவந்தது. மிதவாதச் சங்கங்களுக்கு அரசின் ஆதரவு கிடைத்தது. அந்த வழியில் வளர்ந்த பி. பி. நாராயணன், 1954ல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தை நடத்தி, 1962ல் மக்சேசே விருது பெற்று, 1975ல் அனைத்துலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவரானார். அதே காலத்தில் இடதுசாரிச் சார்புள்ள அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நாராயணனின் திறமையையும் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இருவரும் தொழிலாளிக்காக நின்றவர்கள்தான். ஆனால் யாருடைய கை யாரைத் தாங்கியது, யாரைத் தாங்கவில்லை என்பதைக் காலமும் அரசியலும்கூடத் தீர்மானித்தன. ‘அவர் திறமையால் வந்தார், இவர் வரவில்லை’ என்று ஒரே வரியில் முடிக்கிற கணக்கு எனக்கு ஏற்பில்லை.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணியும் ஒருவகையில் வழிகாட்டிதான். ஊர்க்காரர், தெரிந்தவர், வழிச்செலவு கொடுத்தவர், துரையிடம் பேசத் தெரிந்தவர். ஆனால் அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை தலைக்குக் காசு அவருக்கு. ஆள் தோட்டத்தை விட்டுப் போனால் அவருக்கு நஷ்டம். 1938ல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது, கங்காணி முறை போனது. அந்த மாதிரி உறவு போகவில்லை. இன்றும் ஆபீஸ்களில் பார்க்கிறேன்: உங்களைத் தூக்கிவிடுகிறேன் என்பார், உங்கள் அறிக்கையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார், வேறு இலாகாவுக்கு மாறப்போகிறேன் என்றால் முகம் சுருங்கும். ஒருவர் வழிகாட்டியா கங்காணியா என்று தெரியாமல் குழம்பினால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் அவரை விட்டுப் போவது உங்களுக்கு நல்லதாக இருக்கும்போது அவர் என்ன செய்கிறார்? என் பெரிய கிராணி, நான் உதவி நிர்வாகியாக வேறு தோட்டத்துக்குப் போன அன்று, என் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

கெட்ட மேலதிகாரியிடமும் கற்க முடியும். அமெரிக்காவில் 191 நிர்வாகிகளிடம் அவர்கள் எதிலிருந்து கற்றார்கள் என்று கேட்ட ஒரு பழைய ஆய்வில், நல்ல மேலதிகாரிகளோடு மோசமான மேலதிகாரிகளும் பட்டியலில் வந்தார்கள். எனக்கும் ஒருவர் இருந்தார். 1919லேயே தொடங்கிய இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ் என்ற தோட்ட நிர்வாகிகள் சங்கம் நடத்தும் தேர்வுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தோட்டத்து ஆள் அதிகாரியாக அந்தத் தாள்தான் அப்போது பெரிய ஏணி. என் மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய நிர்வாகி அதை மேசை இழுப்பறையில் ஒரு வருடம் வைத்திருந்தார். அனுப்பிவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் போனது போனதுதான். அதில் கற்ற பாடம் பெரிதென்று சொல்லி அந்த வருடத்தை நான் அழகாக்க மாட்டேன். ஆனால் நான் நிர்வாகியான பிறகு எந்த மனுவும் என் மேசையில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. நீங்களும் எதை அனுப்பினாலும் நகல் வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்ததா என்று நேரே கேளுங்கள்.

இனி எனக்கு மனசு உறுத்துகிற ஒன்று. பயிற்சி கொடுத்த வருடங்களில் ஒரு பையனை நான் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். துடிப்பானவன், சாயங்காலம் பந்து விளையாடிவிட்டு என் வீட்டு வராந்தாவில் வந்து உட்காருவான், கேள்வி கேட்பான். அதே தோட்டத்தில் ஒரு பெண் மேற்பார்வையாளர் இருந்தார். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்ட நிரைகளை எண்ணிக் குறித்து, எந்தப் பாதை கெட்டுக் குலை ஏற்ற வண்டி போக முடியவில்லையோ அதோடு பொருத்திக் காட்டியவர். என் மழைப் புத்தகத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நான் ‘நல்லது’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். மேலிடத்திலிருந்து ஆள் வந்தபோது பேச நிறுத்தியது அந்தப் பையனைத்தான். அந்தப் பெண் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போனார். ஆண்களுக்குப் பெரியவர் வராந்தா திறந்திருக்கிறது, பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. தோட்டத்து ஊர்களில் இது இன்றும் உண்மை. நான் அந்த வராந்தாவை ஆபீசுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும், செய்யவில்லை. உங்களுக்கு யாரும் இல்லாமல் போனதற்கு உங்கள் குறை மட்டும் காரணமாக இருக்காது என்று இதனால்தான் சொல்கிறேன். அதே சமயம், பெண்ணாக இந்தத் தொழிலில் மேலே வருவதில் என்னென்ன தடை என்று முழுதாகச் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. அதிகாரியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் நீங்கள் கேட்க வேண்டியது அது. உங்கள் கம்பெனியில் இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனியில் இருப்பார்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். வேலையைக் கற்க உங்கள் தோட்டத்துக்குள் பாருங்கள். பதவியில் பெரியவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தவறைத் தவறு என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறவராக இருந்தால் போதும். இடித்துச் சொல்ல ஆள் இல்லாமல் உயர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விழுந்தபோது சத்தம் பெரிதாகக் கேட்டது. கதவுகளுக்கோ வேலிக்கு வெளியே போங்கள். தொழிற்சங்கக் கிளை, கூட்டுறவுச் சங்கப் பேராளர் கூட்டம், பிளாண்டர்ஸ் சங்கத்தின் வட்டாரக் கருத்தரங்கு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் திருவிழாக் குழு, எதுவானாலும் சரி. போய் உட்கார்ந்து வந்தால் போதாது, ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். கணக்கு எழுதுவது, கூட்டக்குறிப்பு எழுதுவது போல யாரும் விரும்பாத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே உங்களை அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறவர்கள், நீங்கள் இல்லாத அறையில் உங்களைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல முடியும்.

ஒருவரை அணுகும்போது ‘எனக்கு வழிகாட்டியாக இருங்கள்’ என்று கேட்காதீர்கள். அது கேட்கிறவருக்கும் பாரம், கேட்கப்படுகிறவருக்கும் பாரம். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், ‘நீங்கள் சொன்னபடி செய்தேன், இது நடந்தது, இது நடக்கவில்லை’ என்று சொல்லுங்கள். என்னிடம் ஆலோசனை கேட்டுப் போனவர்களில் திரும்பி வந்து முடிவைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அப்படித் திரும்பி வந்த ஒவ்வொருவர் பெயரும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறகு யாராவது ஆள் கேட்டால் வாயில் முதலில் வந்தது அவர்கள் பெயர்தான்.

இவ்வளவும் செய்தால் நிச்சயம் பதவி கிடைக்குமா என்றால், நான் உறுதி கொடுக்க மாட்டேன். வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். சில கம்பெனிகளில் மேலே போகும் வழியே அடைத்துக் கிடக்கும். இரண்டு மூன்று வருடம் கண்ணில் படும்படி வேலை செய்தும் ஒருவரும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை என்றால், அந்த இடத்தை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதில் தவறே இல்லை.

கடைசியாக, உங்களுக்குப் பின்னால் வந்து மேலே போனவரைப் பற்றி. நீங்கள் எழுதியதில் அவர் மேல் வருத்தம் தெரிகிறது, நியாயமான வருத்தம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள் அம்மா. துரைமார் அறைக்குள் போய் வருகிற ஆட்களில், உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் இன்றைக்கு அவர் ஒருவர்தான். நெருங்கிய சிநேகிதர் இல்லை, முன்பின் தெரியாதவரும் இல்லை. நாளைக்குப் பெரட்டு முடிந்ததும் அவரிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: பிளாண்டர்ஸ் தேர்வில் எந்தத் தாளை முதலில் எழுதினீர்கள், அதற்கு எதைப் படித்தீர்கள்?